நெய் ஊற்றாத இலை

இலையில் சோறு விழுந்ததும் எல்லாரும் சாப்பிடக் குனிவார்கள். அவர் முகர்ந்து பார்க்கக் குனிவார். ஒரு பிடி சோற்றை உள்ளங்கையில் எடுத்து மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பார். பிறகு பரிமாறுகிறவரை நிமிர்ந்து பார்த்து, எந்த வீடாக இருந்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"இதுல உசுரு எதுனா இருக்குதா?"

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் கதவு மறைவுக்குப் போய்விட்டேன். அப்போது நான் கல்யாணமாகி சித்தூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள். அறுபதுகளின் ஆரம்பம். எதற்கும் பயப்படாதவள் என்று பிறந்த வீட்டில் பேர் வாங்கியவள்தான் நான். அந்த மனுஷனைக் கண்டால் மட்டும் பயம். கோபமாகப் பேசமாட்டார், சத்தம் போடமாட்டார், யாரையும் உற்றுக்கூடப் பார்க்கமாட்டார். அப்படியும் பயம்.

சயாம்காரர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பேர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. பேரைக் கேட்டால் ஊரைக் கேட்க வேண்டும், ஊரைக் கேட்டால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

திருப்பதியில் ஒரு புளி குடோனில் வேலை செய்தார். வேட்டியும் புளி நிறம், கையும் புளி நிறம். புளி சீசன் ஓய்ந்ததும் தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். சத்தியவேடு, வரதய்யபாளையம், வெதுருகுப்பம் என்று சுற்றுவார். யுத்தத்துக்கு முன்னால் மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு ஆள் போன வீடுகளாகப் பார்த்துப் போவார். அந்தத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் ஆள் பிடித்து சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதும், போனவர்களில் பாதிப்பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாததும் எங்கள் பக்கத்தில் பழைய சங்கதி. அந்தக் காட்டிலிருந்து உயிரோடு வந்த ஒருவர் இவர்.

எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருந்தார். என் மாமனார். என் வீட்டுக்காரர் தவழ்ந்துகொண்டிருந்தபோது கப்பல் ஏறியவர். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு யுத்தம் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போனார்கள் என்று மட்டும் யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு எருமைகளை வைத்துப் பால், தயிர், நெய் விற்றுப் பிள்ளையை வளர்த்தார். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணம் ஆனாலும் தாலியைத் தொட்டுக்கொடுக்க முதலில் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவளை எப்படிக் கூப்பிடுவது என்று முணுமுணுத்த ஒருத்தி, அதற்கப்புறம் எங்கள் தெருவில் தயிர் வாங்க வரவேயில்லை. அத்தை அப்படி ஒரு பார்வை பார்த்திருந்தார்.

சகுனம் பார்ப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. என் கல்யாண விருந்தில் என் தம்பி சாப்பிட்டு முடித்து, விவரம் தெரியாமல் இலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் விருந்து இலையை மேலிருந்து நம் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கமாக மடிப்பது சாவு வீட்டுச் சாப்பாட்டில் மட்டும். அத்தை அந்த இலையைப் பிரிக்கச் சொல்லி, அதில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி, அவனைச் சாப்பிட வைத்து, சரியாக மடிக்கச் செய்தபிறகுதான் பந்தியை எழவிட்டார். வயிறு முட்டிப் போயிருந்த அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

சயாம்காரர் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தபோது, மலேயாவிலிருந்து திரும்பியவர் என்றதும் அத்தை முகம் மாறிவிட்டது. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று சயாம்காரரே சொல்லி உட்கார்ந்தார். கறி மீன் தொடமாட்டார் என்று தெரிந்ததும் அத்தைக்கு மரியாதை கூடிவிட்டது. எங்கள் ஊர்களில் சைவக்காரருக்குச் செய்யும் மரியாதை என்ன? நெய்தான். இலை போட்டு, பருப்புக் கடைந்து, அவர் முகர்ந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டதும், அத்தை பெருமையாகச் சிரித்தார்.

"உசுரா? நம்ம ஊட்ல அதெல்லாம் இல்லீங்க. இது எங்க எருமை நெய்யி."

சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி நிறைய ஊற்றிவிட்டார். அவர் கையை இலையிலிருந்து எடுத்துக்கொண்டார். எருமையும் உசுருதாம்மா என்றார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இலையை மடிக்காமல், அப்படியே விரித்தபடி விட்டு எழுந்து போய்விட்டார். சொல்ல வந்ததையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு நெய்யை வேண்டாம் என்று எழுந்த முதல் ஆள் அவர்தான். அத்தை அன்று முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து, எங்களுக்கு வேர்க்கடலை கொண்டுவரும் வெதுருகுப்பத்துக்காரி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒப்பாரி மாதிரி ஒரு கதை சொன்னாள். அவள் அக்கா புருஷனும் மலேயா போனவன். இந்த மனுஷன் அங்கே போயிருக்கிறார். கைக்குத்தல் அரிசிச் சோறும் புளித்தண்ணியும்தான் அந்த வீட்டில். நெய்க்கு எங்கே போவார்கள்? அவர் முகர்ந்து பார்த்தார், கேட்டார், சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவன் எந்த மாதம், எந்தக் கொட்டகையில், எப்படிச் செத்தான் என்று தெரிந்துபோனது. பொழுது சாய்வதற்குள் அக்கா நெற்றி வெறும் நெற்றியாகிவிட்டது.

"சாப்புடாத வரிக்கும் அந்தாளு வாயே தொறக்க மாட்டான். அந்தாளுக்குச் சோறு மட்டும் போட்ராதீங்க" என்றாள் வெதுருகுப்பத்துக்காரி.

உள்ளே அத்தை தயிர் கடைந்துகொண்டிருந்தார். மத்துச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அடுத்த தடவை சயாம்காரர் வந்தபோது அத்தை அவரை விரட்டவில்லை. வாங்க என்று கூப்பிட்டு, இலை போட்டு, சோற்றின் தலையில் நெய் ஊற்றினார். அதற்கடுத்த தடவை நெய் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கீரையில் மோர் விட்டிருந்தார். அப்புறம் ரசத்துக்கு நெய்யில் தாளித்தார். பிறகு ஒரு தடவை சோற்றுப் பானையின் உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவி உலை வைத்ததை நானே பார்த்தேன். எங்களுக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு நெய் விழுந்ததில்லை. சாமிக்குப் படைக்கிறவள் மாதிரி பார்த்துப் பார்த்துச் சமைப்பார், அந்த மனுஷன் ஒரு வாய்கூடச் சாப்பிட்டுவிடக் கூடாது என்று.

அவரும் வந்துகொண்டேதான் இருந்தார். வருவார், உட்காருவார், முகர்ந்து பார்ப்பார், கேட்பார். அத்தை பதில் சொல்லமாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் தண்ணீர் குடித்துவிட்டு விரித்த இலையை விட்டுப் போவார். திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். அவர் தெரு திரும்பும்வரை அத்தை வாசலிலேயே நிற்பார். பிறகு அந்த இலைச் சோற்றை அப்படியே எருமைத் தொட்டியில் கொட்டிவிட்டு, முகம் கழுவி, புதிதாகக் குங்குமம் வைத்துக்கொள்வார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு, அந்த மனுஷன் பையில் என் மாமனாரை வைத்துக்கொண்டு அலைகிறார் என்று தோன்றும்.

அவர் போன இடமெல்லாம் இப்படித்தான் ஆகிக்கொண்டு வந்தது. வரதய்யபாளையத்தில் ஒரு வீட்டில் அவர் தலையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்களாம். சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிழவர், கிணற்றடியிலேயே அவரை மறித்து, காலில் விழுந்து, போய்விடு சாமி என்று அழுதாராம். அவர் போய்விட்டார். மறு வருஷம் மறுபடி போய் நின்றார்.

என் மகனுக்கு முதல் மொட்டை போடத் திருப்பதி போனோம், நானும் என் வீட்டுக்காரரும். மலையிலிருந்து இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது அவரைப் பார்த்தேன். ஒரு ஓட்டல் வாசலில் நின்று, பொங்கலில் நெய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்தவன் சிரித்தான். "நெய்யி லேகுண்டா பொங்கலா சாமி?" என்றான், நெய் இல்லாமல் பொங்கலா என்று. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த ஓட்டலில் இட்லித் தட்டுக்கு என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார். அதற்கடுத்ததில் சாம்பாரை முகர்ந்துவிட்டுத் திரும்பினார். கடைசியில் தள்ளுவண்டியில் இரண்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டார். எத்தனை ஊர் பஸ் ஸ்டாண்டில் இப்படிக் கேட்டுக் கேட்டு நடந்திருப்பார் என்று நினைத்தபோது, முதல் தடவையாக எனக்கு அவர்மேல் பயம் போய் வேறு என்னவோ வந்தது.

என் வீட்டுக்காரர் போய்க் கூப்பிட்டார். நான் பிரசாத லட்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, குழந்தை கையில் கொடுத்துவிட்டார். மொட்டைத் தலையைத் தடவி, அவன் மூக்குதான் என்றார். யார் மூக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. பசியோடு போகக் கூடாது, நான் ஆக்கிப் போடறேன் வாங்க என்று குடோனுக்குக் கூட்டிப் போனார்.

குடோனுக்குப் பின்னால் ஒரு கல் அடுப்பு. பக்கத்தில் எலுமிச்சை வாசனை அடிக்கும் புல் ஒரு கொத்து வளர்ந்திருந்தது. அதன் தண்டு, பேரரத்தை, பச்சை மிளகாய், கொத்தமல்லி வேர் எல்லாவற்றையும் கல்லில் வைத்து நசுக்கினார். தேங்காய் துருவிப் பால் பிழிந்தார். நாரத்தை இலையைக் கிழித்துப் போட்டார். கத்தரிக்காய், பூசணி, உப்பு. தாளிப்பு கிடையாது, கறிவேப்பிலை கிடையாது. கொதி வந்தபோது அந்த வாசனை எந்த ஊர் வாசனை என்றே எனக்குப் பிடிபடவில்லை. சயாம் குழம்பு என்றார். அந்த ஊர்க்காரர்கள் இதில் உப்புக்குப் பதிலாக மீன் தண்ணீர் ஊற்றுவார்களாம். மீன் தண்ணீர் இல்லாத சோறு சயாமில் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றார்.

நான் விடவில்லை. மீன்மேல் என்ன அப்படி ஒரு வெறுப்பு என்று கேட்டுவிட்டேன். விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"காலராவுல செத்தவங்கள எரிக்க ஆளு இல்ல, மருமவளே. ஆத்துல போட்டோம். அப்பறம் அந்த ஆத்து மீனத்தான் புடிச்சித் துன்னோம். பசி. துன்னும்போது தெரியும், தெரிஞ்சேதான் துன்னோம்."

நான் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார். யுத்தம் முடிந்து காட்டைவிட்டு நடந்து வந்தபோது எதைக் கொடுத்தாலும் வாந்தி. ஒரு சயாம்கார அம்மா நோன்பில் இருந்தார். மீன் இல்லை, முட்டை இல்லை, பால்கூட இல்லை. அந்த நோன்புச் சோற்றில் ஒரு கவளம் கொடுத்தார், அது உள்ளே நின்றது. அந்தச் சோற்றுக்கு அந்த ஊரில் ஜே என்று பேர். அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு, ஊர் ஊராக ஜே, ஜே என்று கேட்டுத் தின்றுகொண்டே மலேயா வந்து சேர்ந்தாராம். உயிரோடு எழுப்பியது எதுவோ அதையே பிடித்துக்கொண்டேன் என்றார்.

என் வீட்டுக்காரர் அதுவரை தலை நிமிரவில்லை. இப்போது அப்பாவைப் பற்றி நேராகக் கேட்டுவிட்டார், எங்க நைனா என்ன ஆனார் என்று. சயாம்காரர் விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

"சாவறவன் இன்னா கேப்பான்? சோறுதான் கேட்டானுங்க. ஊட்டுச் சோறு. பொண்டாட்டி கைச் சோறு. உனக்குப் பதிலா நான் போயி துன்னுறேன்டான்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொன்னேன். அத நம்பித்தான் கண்ண மூடினானுங்க. துன்னாம நான் எப்பிடிப்பா சொல்லுவேன்? உங்கம்மா கையால போடட்டும்."

கிளம்பும்போது அந்தப் புல்லில் ஒரு கொத்தை வேரோடு பிடுங்கி என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத என்றார். எனக்கு அது முடியாது என்று அவருக்கும் தெரியும். வந்த மறுநாளே, அத்தை சாணி தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவார், என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"செய்தி இல்லாத ஊட்டுக்கு அவரு எதுக்குடி வந்துக்கினே இருக்காரு? எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. வறட்டியைத் தட்டி முடித்தார். "சொன்னாத்தான ஆவும். சொல்லாத வரிக்கும் உன் மாமனாரு இருக்காருன்னு வெச்சிக்கினேன்."

பிறகு கையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப இத்தினி வருசமா நான் அவரைப் பட்டினி போட்டுத் தொரத்திக்கினு இருந்தேனா?"

எந்த அவரை என்று நான் கேட்கவில்லை. சயாம்காரரைச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

அந்தப் புல்லைக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற கல் பக்கத்தில் நட்டேன். அத்தை பிடுங்கி எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. எருமை ஒரு தடவை வாய் வைத்துவிட்டுத் துப்பியது. சில நாளில் பார்த்தால் அத்தையே அதற்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் புளி சீசன் முடிந்தும் சயாம்காரர் வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. முன்பெல்லாம் அவர் வந்துவிடுவாரோ என்று நடுங்கிய வீடு, இப்போது வராமலே போய்விடுவாரோ என்று நடுங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அத்தை கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவார். அந்த ஆளு செத்துட்டா யாருடி வந்து துன்னுவாங்க என்று ஒரு நாள் என்னைக் கேட்டார். கல்யாண வீடுகளிலிருந்து கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்ப ஆரம்பித்தார்.

கடைசியில் ஒரு நாள், என் வீட்டுக்காரர் லாரி ஷெட்டுக்கு வேலைக்குப் போயிருந்த நேரம், சயாம்காரர் வந்தார். கையில் தடி இருந்தது. தாடை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பேசினால் நெஞ்சு விசில் அடித்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை என்னைப் பார்த்து, பரண்மேல ஒரு புதுச்சட்டி இருக்குது, எடுத்துக் கழுவு என்றார். எங்கள் வீட்டுப் பாத்திரம் எதைத் தொட்டாலும் நெய் வாசனை வரும். அதற்கென்று மண்சட்டியும் சோற்றுப் பானையும் அகப்பையும் எப்போது வாங்கி வைத்தாரோ எனக்குத் தெரியாது. தலைக்குக் குளித்தார். கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டினார். தலையில் பூ வைத்தார், குங்குமத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வைத்துக்கொண்டார். புல்லின் தண்டை நசுக்குவதிலிருந்து தேங்காய்ப்பால் ஊற்றுவதுவரை நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் தானே செய்தார். என்னை அடுப்பைத் தொடவிடவில்லை.

இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றினார். சயாம்காரர் ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல உசுரு எதுனா இருக்குதா, தங்கச்சி?"

"இல்லண்ணே" என்றார் அத்தை. அவரை முறை வைத்து அத்தை கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அவர் சாப்பிட ஆரம்பித்தார். இலை காலியாவதற்கு முன்னால் அத்தை இன்னும் சோறு வைத்தார். அவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று மறுபடி வைத்தார், குழம்பு ஊற்றினார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கவளத்துக்கு மேல் இறங்காத உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது. இருமல் வந்தது, தண்ணீர் குடித்தார், மறுபடி கை வைத்தார். அவர் கை நின்றுவிட்டால் என்ன வரும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அத்தை வைத்துக்கொண்டே இருந்தார், அவரும் தின்றுகொண்டே இருந்தார். சட்டி வழித்தாயிற்று. பானையில் சோறும் தீர்ந்தது. அத்தை வெறும் அகப்பையோடு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் ஆக்கட்டுமாண்ணே?"

"போதும் தங்கச்சி. அவன் வயிறு நெறஞ்சிது" என்றார் அவர்.

பிறகு எங்கள் வீட்டில் முதல் தடவையாக இலையை மடித்தார். கீழ்ப்பாதியைத் தூக்கி, தன்னைவிட்டு விலக்கி, எதிர்ப்பக்கமாக மெதுவாகத் தள்ளி மடித்தார்.

அத்தை அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்கச் சொல்லவில்லை. குனிந்து அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நெற்றியில் அந்தப் பெரிய குங்குமம் கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

"ஷெட்டுக்குப் போயி எம்புள்ளயக் கூட்டினு வா" என்றார். "அவங்க நைனாவுக்குத் தல முழுவணும்."